புதன்கிழமை மாவு

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வருத்தப்படக் கூடாது. தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். குழாயில் காற்று வருகிறது, சேறு வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று காலை ஒன்பது மணியிலிருந்து சனங்கள் என் உயிரை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் என் முறை. செருப்புக் கடை, பல்பு, பஸ், மேல்மாடிக்காரியின் மாவரைக்கும் மிஷின், ஒன்றையும் விடமாட்டேன். போனில் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் வசதி வந்த பிறகு கேட்க வேண்டுமா? எங்கள் வட்டாரத்தில் நான் கைவைக்காத சாப்பாட்டுக் கடை கிடையாது. ஒரு கடையைப் பற்றி, மீன் சூப்பில் மீன் எப்போதோ வந்துவிட்டுப் போன அடையாளம் இருந்தது என்று எழுதினேன். அதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள்.

அப்பேர்ப்பட்ட நான் ஒருத்தியைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் எழுதப் பார்த்தேன். இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று நின்றுவிட்டது. அவளுக்கு அது போதாது.

எங்கள் தெருமுனையில், கண் ஆஸ்பத்திரிக்கு எதிரே, எட்டே மேசை போட்ட ஒரு நூடுல்ஸ் கடை இருக்கிறது. சூப் நூடுல்ஸ், முட்டை சோறு, கோழி சோறு, அவ்வளவுதான் சமையல். தம்பி சமைப்பார், அக்கா பரிமாறுவாள். அந்த அக்காவுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் படீர் அக்கா. கிண்ணத்தை மேசையில் வைத்தாள் என்றால் படீரென்று ஒரு சத்தம் வரும், நூடுல்ஸ் சாப்பிடும் குச்சிகள் ஒரு விரற்கடை எம்பிக் குதிக்கும். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். குட்டையான உருவம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, இடுப்பில் நீலத்துணி. சிரிக்க மாட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு உங்கள் வாயையே முறைத்துப் பார்ப்பாள். எழுதிக்கொள்ள மாட்டாள், ஆனால் எட்டு மேசைக்கும் ஒரு பண்டம் மாறி வராது. மிளகாய் எண்ணெய் அதிகம் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம்தான்.

நான் அந்தக் கடைக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தேன். பரிமாறும் பெண்ணுக்குப் பாத்திரத்தோடு என்ன பகையோ தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அடுத்த சனிக்கிழமையே போய் உட்கார்ந்தேன். என்ன செய்வது, சூப் அப்படி. நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் அங்கேதான் சாப்பிட்டோம். ஒன்பது வருடமும் நான் குறை சொன்னேன், அவர் வாயைத் திறக்காமல் இரண்டு கிண்ணம் காலி செய்தார்.

அந்தத் தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூடுல்ஸை அவரே மாவு பிசைந்து, கையால் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்துச் செய்வார். ஒவ்வொரு இழையும் ஆள் உயரத்துக்கு வரும். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'நூடுல்ஸ் கையால் இழுத்தது. வெட்டித் தரமாட்டோம்.' பச்சைப் பிள்ளைக்குக்கூட வெட்டித் தரமாட்டார். ஒருமுறை யாரோ முள்கரண்டியால் நறுக்கிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கும் நான் எழுதினேன்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மனுஷன். இருட்டில் கையை விட்டு, விழுந்த திருகாணியை விரல் நுனியால் தடவி எடுத்துவிடுவார். அந்த வலது கைதான் போயிற்று. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறினாலும் புரியும். நடந்தார், படி ஏறினார். விழுங்குவதில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் சாப்பிட மாட்டேன் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். இடது கையால் எடுத்தால் பாதி சிந்தும். வாயோரமாக ஒழுகும், ஒழுகுவதே அவருக்குத் தெரியாது. நான் துடைத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் ஊட்டிவிட்டால் இரண்டு வாயில் போதும் என்பார். மகள் வந்து கெஞ்சினாள், மருமகன் அதட்டிப் பார்த்தார். நான் அழுதேன், சத்தம் போட்டேன், ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தேன். எழுபத்தொரு கிலோ இருந்தவர் ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டார். ஐம்பதுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும், ஏழு வாரம் கழித்து எடை பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவராகவே, "சனிக்கிழமை நூடுல்ஸ் கடைக்குப் போலாமா?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுவிட்டு அழைத்துப் போனேன்.

போயிருக்கவே கூடாது. கடையில் நிற்க இடமில்லை. கிண்ணம் வந்தது. இடது கையில் கரண்டியைப் பிடித்து அள்ளினார், அந்த நீளமான இழை வழுக்கிக்கொண்டு கிண்ணத்துக்கே திரும்பியது. மறுபடி அள்ளினார். வாய்க்குள் கொஞ்சம் போனது, மீதி தாடையிலிருந்து தொங்கியது. உறிஞ்சப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. சூப் சட்டையெல்லாம் வழிந்தது. பக்கத்து மேசைக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. படீர் அக்கா இரண்டடி தள்ளி, கையில் தட்டோடு, அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போலாம்" என்றார். அடுத்த இரண்டு நாள் அவர் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு யாராவது கிடைக்க வேண்டுமே. போனை எடுத்தேன். ஒரு நட்சத்திரம் போட்டேன். உடம்பு முடியாத மனிதர் சாப்பிட முடியாமல் திண்டாடும்போது, பரிமாறும் பெண் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள், இந்தக் கடையில் நூடுல்ஸுக்கு இருக்கும் மரியாதை மனிதனுக்கு இல்லை என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அப்போது வயிறு குளிர்ந்தது.

மறுநாள் அதற்குக் கீழே கடையிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. மன்னிப்பும் இல்லை, மண்ணும் இல்லை. 'புதன்கிழமை பதினொன்றரைக்கு வரவும். கூட்டம் குறைவு.'

இதைப் பார் திமிரை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஏழு வாரத்தில் ஒரு வாரம் கழிந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி இவரைக் கிளப்பினேன். தெருமுனை வந்ததும் பசிக்கிறது என்று கடைக்குள் நுழைந்துவிட்டேன். முறைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

உள்ளே மூன்றே மேசையில்தான் ஆட்கள். எதிர் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இரண்டு பேர், ஒரு வயதான தம்பதி, அப்புறம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இந்த வாத்தியார் கடையின் தினசரி வாடிக்கை. பெரிய மீசை, பெரிய குரல், குச்சியால் நூடுல்ஸை எடுத்து ஒரே உறிஞ்சில் உள்ளே இழுத்துவிடும் வித்தைக்காரர். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கும் முன்பே அக்கா உள்ளே போய்விட்டாள்.

எல்லோருக்கும் கிண்ணம் வந்தது. படீர், படீர், படீர். பிறகு அக்கா இடுப்புத்துணிப் பையிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். நேரே நர்ஸ்கள் மேசைக்குப் போனாள். அவர்கள் கையிலிருந்த குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு, கிண்ணத்துக்குள் கத்தரிக்கோலை விட்டு, கறுக் கறுக்கென்று நாலு வெட்டு வெட்டினாள். ஆளுக்கொரு கரண்டியைப் போட்டாள். அடுத்து அந்தத் தம்பதி. அவர்களுக்கும் அதே மரியாதை. வெட்டித் தரமாட்டோம் என்ற பலகைக்குக் கீழேயே நின்று வெட்டுகிறாள்.

வாத்தியாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "என்னக்கா இது, எனக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குதா?" என்றார்.

அக்கா சாதாரணமாக, "மாவு சரியில்ல. இன்னிக்கு எல்லாருக்கும் வெட்டித்தான். கைய எடுங்க" என்றாள்.

அந்த வார்த்தை சமையலறை ஜன்னலுக்குள் போயிற்று. தம்பியின் தலை வெளியே நீண்டது. வாணலியில் போட்ட கடுகு மாதிரி முகம். தன் மாவைப் பற்றி, வாடிக்கையாளர் முன்னால், சொந்த அக்காவே சொல்லிவிட்டாள். எங்கே வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார் வாத்தியாரிடம். "நான்தான் தப்பா பெசஞ்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஒன்பது வருடத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

வாத்தியார் கையை எடுத்தார். அவருக்கும் கறுக் கறுக். அப்புறம் எங்கள் மேசை. எனக்கு முதலில் வெட்டினாள், இவருக்கு அடுத்து. இவர் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. வெட்டிவிட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு, தண்ணீர்க் கூஜாவை எடுக்கப் போய்விட்டாள்.

இவர் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்தார். திரும்பிக் கடையைப் பார்த்தார். எல்லோரும் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் குச்சியால் சாப்பிட்டுப் பழகிய வாத்தியாருக்குக் கரண்டி வசப்படவில்லை. குட்டி குட்டியான துண்டுகளை உறிஞ்சப் போய், சூப் மீசையில் ஏறி, சட்டைப் பையில் சொட்டியது. கரண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதைப் பார்த்து இவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே. அப்புறம் இடது கையால் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி. ஒழுகியது. அவரே துண்டால் துடைத்துக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் முக்கால் கிண்ணம் காலி.

நான் என் கிண்ணத்தைத் தொடவே இல்லை. எனக்கு எங்கே இறங்கும்?

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, கடை ஓய்ந்திருக்கும் என்று தெரிந்து, தனியாகப் போனேன். அக்கா கைகழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே முட்டை சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை என்று தம்பி சொன்னார். நன்றி சொல்லப் போனவள் நான், ஆனால் வாயைத் திறந்ததும், அந்த ஒரு நட்சத்திரம் நான்தான் என்று உளறிவிட்டேன்.

தெரியும் என்று தலையாட்டினாள். தம்பி படித்துக் காட்டினாராம். பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள் என்று எழுதியது உண்மைதான், என்ன செய்வது என்று புரியாமல்தான் நின்றேன் என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா, என்று தொடங்கி என்னவோ சொன்னேன். அவள் பக்கவாட்டில் திரும்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்து, மறுபடி சொல்லச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது அரைகுறை.

கதையை அவளே சொன்னாள், சோற்றை மென்றுகொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. அப்பா அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தார். இவள் டப்பா செய்யும் ஃபேக்டரியில் சேர்ந்தாள். தகடு அழுத்தும் மிஷினில் பத்தொன்பது வருடம், காது போனது அந்தச் சத்தத்தில்தான். தம்பியைப் படிக்க வைத்தாள், படிப்பு ஏறவில்லை, ஒரு ஹோட்டலில் நூடுல்ஸ் இழுக்கக் கற்றுக்கொள்ள அனுப்பினாள். அவர் கடை போட்டதும் ஃபேக்டரியை விட்டுவிட்டு இங்கே வந்தாள். கல்யாணம்? வந்தார்கள், பார்த்தார்கள், கத்திப் பேச வேண்டியிருந்தது, போய்விட்டார்கள் என்றாள். கிண்ணம் வைக்கும் சத்தத்தைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள். மெதுவாக வைத்தால், வைத்தோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாதாம். அவள் ஏன் எல்லோர் வாயையும் முறைக்கிறாள் என்பதும் அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தோடு பகை என்று எழுதிய என் விரலை எங்கே கொண்டுபோய் நசுக்குவது என்று இருந்தது.

அவருக்கு மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால் போதுமே, ஊருக்கெல்லாம் எதற்கு வெட்டினாய் என்று கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஃபேக்டரியில மிஷின் சத்தத்துல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம்க்கா. அங்க இருந்தவரைக்கும் நான் செவிடில்ல. வெளிய வந்தேன், எனக்காக மட்டும் கத்துனாங்க. அப்பத்தான் செவிடானேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் பிசுபிசுவென்று முட்டை சோறு ஒட்டியிருந்தது, உதறிக்கொண்டு, வேலை கிடக்கிறது என்று போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் பதினொன்றரைக்கு அந்தக் கடையில் மாவு கெட்டுப்போனது. தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மன்னிப்புக் கேட்பார். முதலில் கடனே என்று கேட்டவர், போகப்போக நடிகராகிவிட்டார். ஒரு வாரம் தண்ணீர் சரியில்லை என்பார், ஒரு வாரம் மழைக்காற்று என்பார். வாத்தியார் இரண்டாவது வாரமே என்னை வாசலில் ஓரங்கட்டினார். பத்து வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயந்தவர்கள் முகத்தைத்தானே பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். மூன்றாவது வாரம் தன் மாணவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, இன்றைக்கு வெட்டித்தான் வரும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி உட்கார வைத்தார். நர்ஸ்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

கடையில் சாப்பிட ஆரம்பித்த மனுஷன் வீட்டிலும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிந்தினால் சிந்தட்டும் என்று இடது கையால் அவரே சாப்பிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு மேசையைத் துடைத்தேன். நான் வாயைப் பொத்தினேன் என்பதை என் மகள் இன்னும் நம்பவில்லை.

ஏழு வாரம் முடிந்தது. எடை மிஷினில் ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐம்பத்து நாலரை என்று நர்ஸ் சொன்னாள். குழாய்ப் பேச்சே இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் ஃபைலை மூடினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இவர் என்னவோ எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல முதுகைத் தட்டினார். பிறகு, "பசிக்குது. நூடுல்ஸ் கடைக்குப் போலாம்" என்றார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. நான் என்னென்னவோ சாக்குச் சொன்னேன். வெயில் என்றேன், கால் வலிக்கிறது என்றேன். கேட்டால்தானே?

கடை நிரம்பி வழிந்தது. பார்த்த இடமெல்லாம் புது முகங்கள். வாத்தியாரும் இல்லை, நர்ஸ்களும் இல்லை. எங்களுக்குக் கடையின் நட்டநடுவில் ஒரு மேசை கிடைத்தது. எல்லோரும் நீளநீளமாக இழுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை சூப் சட்டையெல்லாம் வழிந்ததே, அது என் கண் முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு ஒருமுறை அப்படி ஆனால், ஏழு வாரமும் தண்ணீரில் போய்விடும்.

அக்கா எங்களைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். நிரம்பிக் கிடந்த கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். முப்பது பேராவது இருப்பார்கள். ஒரு நொடிதான். இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதல் மேசைக்கு நடந்தாள். அங்கே ஒரு தடித்த ஆள் அப்போதுதான் குச்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கிண்ணத்தின் மேல் குனிந்தாள். ஜன்னலில் தம்பியின் தலையும் தயாராக நீண்டுவிட்டது.

"இரும்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

அவளுக்குக் கேட்கவில்லை. இவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழறும் நாக்கோடு, அவளுக்குக் கேட்கும்படி, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"மாவு நல்லாத்தான் இருக்கு. எந்த புதன்கிழமையும் நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க அப்படியே சாப்பிடட்டும். எனக்கு மட்டும் வெட்டிக் குடு."

அக்கா நிமிர்ந்தாள். அவர் வாயைப் பார்த்தாள், சரியாகத்தான் கேட்டதா என்று. பிறகு எங்கள் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்து, முப்பது பேர் பார்க்க, அவர் ஒருவருடைய நூடுல்ஸை மட்டும் வெட்டினாள். வெட்டும்போது அவள் மூக்கு சிவந்திருந்தது. ஜன்னலில் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் அடுப்புப் புகை என்று சொல்லியிருப்பார்.

இவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இவர் பாட்டுக்கு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். தாடையில் ஒழுகியதை நான் துடைத்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.